தால் மக்கனி யார் வீட்டுப் பருப்பு?

2024 ஜனவரி 24, காலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று இரண்டு ஓட்டல்கள் தில்லி உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொள்கின்றனவாம். கோழியை விடுங்கள். பருப்பைப் போய் யாராவது கண்டுபிடிக்க முடியுமா? பஞ்சாபில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கறுப்பு உளுந்து கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது?”

கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் தால் மக்கனி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

1985 முதல் 1989 வரை தில்லி லாஜ்பத் நகரில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில், அவர்கள் பேச்சில் ‘பர்சாத்தி’யில், குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் பிரிவினையின்போது ஜீலம் பக்கத்திலிருந்து வந்தவர். குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் அவர் மாதாஜி. ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பு உளுந்து வைப்பார். தக்காளி கிடையாது. கிரீம் கிடையாது. இஞ்சி, பூண்டு, மிளகாய், உப்பு. இறக்கியபின் ஒரு கரண்டி நெய். முந்தின இரவே அங்கீட்டியில், அதாவது சின்னக் கரி அடுப்பில், ஏற்றிவிட்டுப் படுத்துவிடுவார். காலையில் பார்த்தால் கூழும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் கரண்டியிலிருந்து சோம்பலாக வழியும். பஞ்சாபின் வீட்டுப் பருப்பு அதுதான். அதில் தக்காளியும் வெண்ணெயும் பாலாடையும் சேர்த்துச் சிவக்கவைத்து மேசைக்குக் கொண்டுவந்தது, தில்லி தரியாகஞ்சில் 1947இல் தொடங்கிய மோத்தி மஹல் ஓட்டல். மாதாஜியின் பருப்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதன் தலையில் ஊற்றியதற்குக் கொண்டாடலாம். கொண்டாடுகிறார்கள்.

ஜனவரி 24, இரவு

மைசூர்ப் பருப்பா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. இல்லை. உடைக்காத, தோல் நீக்காத முழு உளுந்து. நாம் இட்லிக்குப் போடுவதுதான், சட்டை கழற்றாதது.

ஜனவரி 26

இந்தக் கறுப்புப் பருப்புக்கு ‘மா கி தால்’ என்றும் பெயர். அப்படியென்றால் அம்மாவின் பருப்பு என்று ஒருவர் உருகி எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாதாஜி சமைப்பதால்தான் மா கி தால் என்று முதல் ஓராண்டு நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் வைத்து அவரிடமே சொல்லி, அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

சமஸ்கிருதத்தில் உளுந்துக்கு மாஷம். பஞ்சாபியில் அது தேய்ந்து ‘மாஹ்’. ‘மாஹ் தி தால்’ என்றால் உளுந்தம்பருப்பு, அவ்வளவே. அம்மா பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டார். நகைக்கடைப் பழைய எடையான மாஷாவுக்கும் இந்தப் பெயர்தான்: எட்டு ரத்தி ஒரு மாஷா, பன்னிரண்டு மாஷா ஒரு தோலா.

இந்தியில் சொல்லும் ‘உரத்’ வேறு வழியில் வந்த சொல். தமிழில் உளுந்து, மலையாளத்தில் உழுந்நு, கன்னடத்தில் உத்து, துளுவில் உர்து. இந்தக் கூட்டத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் மொழியியலாளர்கள் உண்டு. பெயர் தெற்கிலிருந்து போயிருக்கலாம் என்பதற்காகச் சமையலும் போனதாகச் சொல்ல முடியாது. இதை எழுதும்போதே நாளை என்ன வரப்போகிறது என்று தெரிகிறது.

ஜனவரி 27

வந்துவிட்டது. “அப்படியானால் தால் மக்கனி தமிழர் உணவே.” உளுந்து நம்முடையது, வெண்ணெயும் நம்மிடம் இருந்தது என்பது வாதம். பாலும் அரிசியும் இருக்கும் ஊரெல்லாம் பாயசத்துக்கு வழக்குப் போடலாம்.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் மட்டும் உருப்படியாக எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் தொலி உளுந்தையும் அரிசியையும் பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூவோடு பொங்கவிட்டு உளுந்தஞ்சோறு ஆக்குவார்களாம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். நான் தின்றிருக்கிறேன், என் தங்கையைக் கொடுத்த வீட்டில். அங்கே உளுந்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம் தருவதில்லை. பருப்பு பருப்பாகவே பல்லில் படும். பஞ்சாபியரோ அதை இரவு முழுவதும் அடுப்பில் கிடத்தி, தான் யாரென்றே மறக்கவைத்துவிடுகிறார்கள். பயறு ஒன்றுதான். இரண்டு சமையலுக்கும் இடையே உறவு தேடி அலைவது வீண்.

பிப்ரவரி 2

திருத்தம். முதல் குறிப்பில் ‘மோத்தி மஹல்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வழக்கே அந்த ஒரு பெயருக்குள்தான் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் காதைத் திருகினார். சரிதான்.

குந்தன்லால்கள் இரண்டு பேர். ஒருவர் குஜ்ரால், இன்னொருவர் ஜக்கி. இருவருக்கும் பெஷாவர் தொடர்பு உண்டு. பிரிவினைக்குப் பிறகு தில்லி வந்து தரியாகஞ்சில் கூட்டாகக் கடை போட்டார்கள். இன்று இருவருமே இல்லை. குஜ்ரால் குடும்பம் வழக்குப் போட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு, 2019இல் தொடங்கிய ‘தரியாகஞ்ச்’ என்ற ஓட்டல். அதை நடத்துபவர்களில் ஒருவர் ஜக்கியின் பேரன். ‘பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் கண்டுபிடித்தவர்கள்’ என்று அவர்கள் போட்டுக்கொள்வதுதான் பிரச்சினை. சமையல் குறிப்புக்குக் காப்புரிமை கேட்கிறார்கள் என்று இங்கே சிலர் பொங்கினார்கள். அப்படி எதுவும் இல்லை, விளம்பர வாசகத்தைப் பற்றிய சண்டை இது. மனுவும் ஆவணங்களுமாக 2,752 பக்கம். கேட்கும் இழப்பீடு ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய்.

குஜ்ரால் தரப்பின் கதை 1930களின் பெஷாவரில் தொடங்குகிறது: விற்காமல் தொங்கும் தந்தூரிக் கோழி காய்ந்துபோகாமல் இருக்கத் தக்காளி, வெண்ணெய், கிரீம் கலந்த குழம்பில் போட்டார், பின்னாளில் அதே கைப்பக்குவம் கறுப்புப் பருப்புக்கும் போனது. ஜக்கி தரப்பின் கதை 1947இல் தில்லியில் தொடங்குகிறது. கையில் இருப்பவை 1949ஆம் ஆண்டுக் கூட்டுப் பத்திரம், ஜக்கியின் முகவரி அட்டை, 2017இல் அவர் பேசிய ஒரு காணொளி.

இரண்டு பக்கமும் கோழியைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். பருப்பு, அண்ணன் கல்யாணத்துக்குப் போன தம்பி மாதிரி, எல்லாப் படத்திலும் ஓரத்தில் நிற்கிறது.

பிப்ரவரி 4

பேசிக்கொண்டே இருந்தால் எப்படி என்று மாதாஜி முறையில் வைத்துப் பார்த்தேன். வேகவில்லை.

இருநூறு கிராம் முழுக் கறுப்பு உளுந்து. முதலில் அதுவே கிடைக்கவில்லை; எங்கள் தெருவில் மூன்று கடைகளிலும் உடைத்த தொலி உளுந்துதான். நாலாவது கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். எந்த ஆண்டு அறுத்ததோ. பத்து மணி நேரம் ஊறவைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நாலு தண்ணீர் கழுவி, கனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் ஐந்தரை மணி நேரம். எரிவாயு தீர்ந்ததுதான் மிச்சம். தோல் ஈயக்குண்டு மாதிரி நிற்கிறது. உள்ளே மட்டும் மாவு.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 5

சமையல் சோடா போடச் சொன்னவர்களுக்கு: வேகும், தெரியும். சவர்க்கார வாடையும் வரும்.

பிப்ரவரி 11

குற்றவாளி கிடைத்துவிட்டது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் கடின நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பயறின் தோலில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. அதன்பின் நாளெல்லாம் கொதித்தாலும் தோல் இளகாது. கேன் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவைத்தேன். மூன்று மணி நேரத்தில் குழைந்தது.

புளிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. தக்காளியை முதலிலேயே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும். அதனால்தான் தெரிந்தவர்கள் பருப்பு முழுக்க வெந்தபிறகு தக்காளியைச் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் பருப்பு வெந்தபின் புளி கரைத்து ஊற்றும் கணக்குதான்.

வெந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கடைவது. பஞ்சாபில் ‘கோட்னா’ என்று ஒரு மரக் கருவி, நம் பருப்பு மத்தின் தாயாதி. பாதிப் பருப்பு உடைய வேண்டும், பாதி முழுதாக நிற்க வேண்டும். இட்லி மாவைப் பொங்கவைக்கும் உளுந்தின் வழவழப்பு இங்கே வேலை செய்கிறது. கிரீம் ஒரு சொட்டு இல்லாமலே பாலாடை போட்ட மாதிரித் திரண்டுவரும். கிரீம் ஓட்டல்காரனின் குறுக்குவழி என்று எனக்குச் சந்தேகம். இரவெல்லாம் அடுப்பு எரித்தால் கிடைப்பதை ஒரு கிண்ணம் கிரீமில் பிடித்துவிடலாம்.

ருசி அப்படியே லாஜ்பத் நகர். நிறம்தான், எப்படிச் சொல்ல, பூச்சு வேலைக்குக் குழைத்த சிமென்ட். மனைவி இந்த முறை வாயைத் திறந்தார்: “இதற்கு ஏன் தக்காளி போட்டார்கள் என்று இப்போது புரிகிறதா?”

பிப்ரவரி 18

தால் புகாரா உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு: வரவில்லை. தில்லியின் ஐடிசி மௌரியா நட்சத்திர விடுதியில் 1970களின் இறுதியில் தொடங்கிய ‘புகாரா’ ஓட்டலின் பெயர் அதற்கு. முழு உளுந்து, தக்காளி, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், வெண்ணெய், கிரீம். ராஜ்மா கிடையாது. தந்தூர் அடுப்பின் தணலில் பதினெட்டு மணி நேரம். இதுதான் அவர்கள் பெருமை. கரண்டி, முள்கரண்டி எதுவும் தர மாட்டார்கள். கழுத்தில் கட்டம்போட்ட துணி ஒன்றைக் கட்டிவிட்டுக் கையால் தின்னச் சொல்வார்கள். கிளின்டன் பெயரில் ஒரு தட்டே வைத்திருக்கிறார்கள். பருப்பையும் பொட்டலத்தில் அடைத்து விற்றார்கள்.

நான் அங்கே சாப்பிட்டதில்லை. 1988இல் என் சம்பளத்துக்கு அதன் வாசலில் ஆட்டோவில் போய் இறங்குவதே அதிகப்பிரசங்கித்தனம்.

ஆனால் அந்தப் பதினெட்டு மணி நேரம் புதிய வித்தை இல்லை. பஞ்சாப் கிராமங்களில் தெருவுக்குப் பொதுவாகத் தந்தூர் இருக்கும், ‘சாஞ்ஜா சுல்ஹா’ என்பார்கள். மாலையில் பெண்கள் ரொட்டி சுட்டு முடித்ததும் தணல் வீணாகிறதே என்று பருப்புப் பானையை இறக்கி வைத்தார்கள். விடிந்தால் பருப்பு தயார். அணையப்போகும் தணலுக்கு இலவசமாக ஒரு வேலை. அதே இரவை நட்சத்திர ஓட்டலில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பிப்ரவரி 19

ஒரு எச்சரிக்கை, விளையாட்டில்லை. நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர் உளுந்தோடு ராஜ்மாவையும் போட்டு, மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பானையில் இரவு முழுவதும் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறார். வேண்டாம். ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் உண்டு. அது அடங்க வேண்டுமானால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதிநிலைக்குக் கீழே எத்தனை மணி நேரம் கிடந்தாலும் போதாது. வாந்தியும் பேதியும் நிச்சயம். முதலில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டு அப்புறம் எந்தப் பானையில் வேண்டுமானாலும் போடுங்கள்.

மார்ச் 9

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அந்த மாடி அறையில் என்னோடு இருந்த நண்பன் இப்போது பெங்களூரில். இந்தக் குறிப்புகளை யாரோ அவனுக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். போன் செய்து முதல் வார்த்தையாகக் கேட்டான்: “தக்காளி கிடையாதா? யார் சொன்னது? மாதாஜிக்குத் தக்காளி வாங்கி வருவதே நீதானே?”

எனக்குச் சுருக்கென்றது. வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிறு காலை, துணிப்பையோடு. அது சாலட்டுக்கு என்றேன். “கிலோக் கணக்கிலா?” என்றான்.

அங்கீட்டி? குளிர்காலத்தில் இரண்டு மாதம், அதுவும் கை காய்வதற்கு. மற்றபடி ஐந்து லிட்டர் குக்கர். விசில் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று நானே சண்டைக்குப் போனேனாம். அந்தச் சண்டை எனக்கு நினைவிருக்கிறது. பிறகு எப்படி நாற்பது ஆண்டில் குக்கர் அங்கீட்டி ஆயிற்று? பிற்பாடு எங்கெங்கோ படித்ததையும் கேட்டதையும் மாதாஜி சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஜனவரி 24 காலைக் குறிப்பில் அவர் வீட்டைப் பற்றி எழுதியதில் நம்பத்தக்கது உளுந்து, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மட்டும்.

2,752 பக்கத்தைக் கேலி செய்தவன் நான். கூட்டுப் பத்திரமாவது காகிதம்.

மார்ச் 10

“அப்படியானால் பழைய பருப்பில் தக்காளி இல்லை என்ற வாதமே போயிற்றா?” போகவில்லை. போனது என் சாட்சியம்.

தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. வந்தும் வெகு காலம் சாமானியர் அடுப்பில் ஏறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட இந்தியாவில் அது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்காகப் பயிரிடப்பட்டது. வங்காளத்தில் ‘பிலிதி பேகுன்’, சீமைக் கத்தரி, என்றார்கள். தமிழிலும் முதலில் சீமைத்தக்காளிதான். வெறும் தக்காளி என்பது மணத்தக்காளி வகைச் செடிகளின் பெயராக இருந்தது. வந்தேறி பெயரைப் பிடுங்கிக்கொண்டது. ஆக, 1850இல் ஜீலம் கரையில் கொதித்த உளுந்தில் புளிப்புக்குத் தக்காளி இருந்திருக்க வழி குறைவு. 1985இல் லாஜ்பத் நகரில் இருந்தது. இடையில் எப்போது நுழைந்தது என்பதுதான் கேள்வி.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

கஸூரி மேத்தியை மறந்துவிட்டேன் என்கிறார் ஒருவர். லாகூருக்குத் தெற்கே இருக்கும் கஸூர் ஊரின் பெயர் அது. காய்ந்த வெந்தயக்கீரை. கடைசியில் கசக்கிப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் வாசனை வந்துவிட்டால் எல்லா ஓட்டல் குழம்பும் ஒன்றுதான். சென்ற மாதம் ஒரு ஓட்டலில் தால் மக்கனியும் பனீர் மசாலாவும் வாங்கினோம்; கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வித்தியாசம் மெல்லும்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 20

மாதாஜி 1996இல் போய்விட்டார். நண்பன் எப்படியோ அவர் மகளின் எண்ணைப் பிடித்துக் கொடுத்தான். அவருக்கும் எழுபதுக்கு மேல். இருபது நிமிடம் என் இந்தியைப் பொறுத்துக்கொண்டார்.

நேரே கேட்டேன்: தக்காளி எப்போது வந்தது?

“அப்பாவால்,” என்றார். அப்பா தரியாகஞ்ச் பக்கம் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதியவர். ஐம்பதுகளில் எப்போதோ மோத்தி மஹலிலிருந்து தூக்குச்சட்டியில் பருப்பு வாங்கிவந்திருக்கிறார். அதற்குப்பின் வீட்டுப் பருப்பு அவருக்கு இறங்கவில்லை. சிவப்பாக இல்லை என்று முகம் சுளிப்பாராம். மாதாஜி ஆறு மாதம் பிடிவாதம் பிடித்துவிட்டு, ஒரு நாள் தக்காளியை அரைத்து ஊற்றினார். “ஆனால் அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரிலேயே தக்காளி போடுவோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வார்.”

ஊரில் போட்டார்களா? “எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறந்ததே இங்கேதானே.”

இதை வைத்துக்கொண்டு குஜ்ராலா ஜக்கியா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு இப்போது வேறு பதில் சொல்வேன். ஓட்டல் வீட்டிலிருந்து எடுத்தது என்று எழுதினேன். வீடும் ஓட்டலிலிருந்து எடுத்திருக்கிறது. எடுத்துவிட்டு, எங்கள் பாட்டி செய்தது என்று சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு வீட்டின் கதை, அதுவும் மகள் சொன்ன கதை. நினைவுகளைப் பற்றி நான் மார்ச் 9 அன்று எழுதியதையும் சேர்த்தே படியுங்கள்.

ஏப்ரல் 21

அளவு கேட்டவர்களுக்கு, மகள் சொன்னபடி: ஒரு கிண்ணம் முழு உளுந்து, கால் கிண்ணத்துக்கும் குறைவாக ராஜ்மா, பழுத்த தக்காளி நாலு, இஞ்சி ஒரு விரல், பூண்டு எட்டுப் பல், காஷ்மீரி மிளகாய்த்தூள். கரம் மசாலா வேண்டாம். கிரீம் விருந்தாளி வந்தால் மட்டும்.

வெண்ணெய் எவ்வளவு என்று கேட்டேன். “டாக்டரிடம் போகிறவரா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்படியானால் சொல்ல மாட்டேன்.”

கேன் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.